புதுப்பிப்பு: ஆர்.வி.யில் (தங்கும் வசதியுள்ள பயண வண்டியில்) இரண்டு டிவிக்குச் செயற்கைக்கோள் இணைப்பு

கூரை டிஷ்ஷிலிருந்து வரும் ஒரே கேபிளைச் சாதாரண ஸ்ப்ளிட்டரால் பிரித்து, முன்பக்கத்துக்கும் படுக்கையறைக்கும் தனித்தனி ரிசீவர் வைத்ததில், ஒன்றில் சேனலை மாற்றினால் மற்றதில் படம் மறைந்துவிடுகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன்; ரிசீவரையே மாற்றச் சிலர் சொன்னார்கள். காரணம் பிடிபட்டுவிட்டது. ரிசீவர்தான் அந்தக் கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி, எந்த முனைவாக்கத்தில் (அலை அதிரும் விதத்தில்) வரும் சிக்னல் தனக்கு வேண்டும் என்று டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி. என்ற கருவிக்குத் தெரிவிக்கிறது, இரண்டு ரிசீவர்கள் ஒரே கேபிளில் வெவ்வேறு கட்டளை இட்டால் அது யார் பேச்சைக் கேட்கும்?

ஆகவே டிஷ்ஷின் இரண்டாவது வெளியீட்டைப் படுக்கையறைக்குச் செல்லும் பழைய கேபிளில் இணைத்தேன். அப்போதும் சிக்னல் இல்லை. அலமாரியின் பின்தகட்டைக் கழற்றிப் பார்த்தால், உள்ளூர் ஆண்டெனாவுக்காக வைத்த, ‘5–1000 மெகாஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்ட சிறிய ஸ்ப்ளிட்டர் ஒன்று தூசியோடு தொங்கிக்கொண்டிருந்தது. எல்.என்.பி. கீழே அனுப்பும் சிக்னலோ 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியது; அதில் பெரும்பகுதி அந்த ஸ்ப்ளிட்டரின் வரம்புக்கு வெளியே. ஸ்ப்ளிட்டரை எடுத்துவிட்டுக் கேபிளை நேராக இணைத்ததும் படம் வந்தது. ரிசீவரையே மாற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும், செலவு மிச்சம்.

ஒரு குறை இருக்கிறது. இந்த டிஷ் ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோளை மட்டுமே நோக்குவதால், முதல் ரிசீவர் பிடித்திருக்கும் செயற்கைக்கோளின் சேனல்களைத்தான் படுக்கையறையிலும் பார்க்க முடிகிறது. வெளியே பந்தலடியில் வைக்கும் மூன்றாவது டிவிக்கு எச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டரே போதும்; முன்பக்கத்தில் ஓடுவதே அங்கும் ஓடும். அமெரிக்காவின் கொலராடோவில் பைன் மரங்கள், செயற்கைக்கோள் இருக்கும் தெற்கு வானத்தை மறைத்த இரவில் மட்டும் மூன்றிலும் ஒன்றும் ஓடவில்லை.