முற்றத்தைக் கிண்டுவதற்கு முன் கழிவுநீர்க் குழாய்க்குள் கமரா விடுவது பயன் தருமா?

கேள்வி (விடுதி முகாமையாளர், நல்லூர்)

வணக்கம். உணவகத்துடன் கூடிய தங்கும் விடுதி ஒன்றை நிர்வகித்து வருகிறேன். அறைகளிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வரும் கழிவுநீர், முற்றத்துக் கற்களுக்குக் கீழே செல்லும் 6 அங்குல பீ.வீ.சீ. குழாயொன்றில் சேர்ந்து மலக்குழிக்குப் போகிறது. திருவிழாக் காலத்தில் அறைகள் நிரம்பியதும் குழாய் அடைத்துக்கொள்கிறது. கம்பி விட்டுக் குத்தினாலும் சில வாரங்களே தாங்குகிறது. முற்றம் முழுவதையும் கிண்டிப் புதுக்குழாய் போடவேண்டும் என்கிறார் ஒப்பந்தகாரர். அதற்கு முன் கமரா விட்டுப் பார்க்கலாமா?

பதில் (குழாய் வேலை செய்பவர், சுன்னாகம்)

கட்டாயம் பாருங்கள், ஐயா. ஆனால் கழுவாத குழாய்க்குள் கமராவை விட்டால் கொழுப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. உயர் அழுத்த நீரால் கழுவிய பின்னரே வெடிப்பும், விலகிய பொருத்தும், உள்ளே புகுந்த வேரும் கண்ணில் படும். உங்கள் குழாயின் அளவுக்குச் சக்கரம் பூட்டிய கமரா வேண்டியதில்லை, வளையும் கோலின் நுனியில் வைத்துத் தள்ளும் கமராவே போதும். அதன் தலையில் சமிக்ஞை அனுப்பும் கருவியும் இருந்தால், பழுதுள்ள இடத்தை மேலே நின்றே கண்டுபிடித்து அடையாளமிட்டு, அந்த ஓரிடத்தை மட்டும் கிண்டலாம். கமரா ஓரிடத்தில் நீருக்குள் மூழ்கிச் சற்றுத் தூரம் போய் மறுபடி வெளிவந்தால், குழாய் அங்கே தாழ்ந்து கிடக்கிறது. கழிவு அதில் தங்குவதால் எத்தனை முறை குத்தினாலும் அடைப்புத் திரும்ப வரும். மேன்ஹோலிலிருந்து எத்தனை மீற்றர் என்பது திரையில் தெரியும்படி எடுத்த முழுப் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

பதில் (பொறியியலாளர், திருநெல்வேலி)

அடைப்பை மட்டும் தேடுவது எங்கள் மண்ணுக்குப் போதாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல். மேலே மண் மெல்லியதாக இருக்கும் இடங்களில், கசியும் கழிவு வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்ச் சேரும். மாரி மழையில் நிலத்தடி நீர்மட்டம் குழாய்க்கு மேலே ஏறியிருந்தால், பழுதான பொருத்துகளின் ஊடாகத் தெளிந்த நீர் உள்ளே வடிவதைக் கமராவில் காணலாம். மட்டம் இறங்கியதும் அதே வழியால் கழிவு வெளியே போகும், ஆனால் கோடையில் எடுத்த படத்தில் அது தெரியாமற் போகலாம். ஆகவே கமராவுடன் நிற்காமல், குழாயின் கீழ்முனையை அடைத்து நீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்றும் பாருங்கள். கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் கொடுத்து மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி, கழிவிலிருந்து நீரில் சேரும் நைத்திரேற்று என்ற உப்பு இரண்டையும் சோதிப்பியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. எங்கள் கிணறு அந்தக் குழாய்க்கு அருகிலேயே இருக்கிறது, ஆகவே நீர்ச் சோதனையை முதலில் செய்விக்கிறேன். ஆளொருவரை மேன்ஹோலில் இறக்கிப் பார்ப்பதாகவும் ஒப்பந்தகாரர் சொல்கிறார், அது சரியா?

பதில் (குழாய் வேலை செய்பவர், சுன்னாகம்)

ஒருவரையும் இறக்க விடாதீர்கள், ஐயா. உள்ளே சேரும் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயுவின் செறிவு கூடும்போது மூக்கு மணத்தை உணராமற் போய்விடும். மணக்கவில்லை என்று நம்பி இறங்கியவர் அங்கேயே மயங்கி விழுவார். கமராவைத் தரையில் நின்றே தள்ளலாம். சமையலறைக் குழாயில் கொழுப்புப் பிடிக்கும் தொட்டி இல்லையென்றால் அதையும் இப்போதே கட்டுவியுங்கள். அது இல்லாமல் எந்தக் குழாயும் அடுத்த திருவிழாவைத் தாங்காது.