கடன் பாக்கி இருந்தால் கிளியரன்ஸ் கிடைக்காதா?

கழனிவாசல்காரன்: காலமான என் அண்ணனின் மகன் வர்ஜீனியாவில் பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். அங்கே ராணுவத்துக்கு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லிவிட்டது. செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது ரகசியங்களைக் கையாள அரசு தரும் அனுமதி, வந்தால்தான் சேர முடியும். நாலு வருஷத்துக்கு முன் எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தபோது கிரெடிட் கார்டில் பதினெட்டாயிரம் டாலர் பாக்கி விழுந்தது. இன்னும் கட்டவில்லை. அதனால் கிடைக்காது என்கிறார்கள். கார்டு பாக்கி வைத்தவனெல்லாம் ரகசியத்தை விற்றுவிடுவானா? என்ன நியாயம் இது?

தேவகோட்டை ரஸ்தா: நியாயம்தான். பர்மாவில் இருந்த வட்டிக் கடைக்கு மூன்று வருஷக் கணக்கில் ஆள் அனுப்பிய நம் ஐயாக்கள், ஊரெல்லாம் பாக்கி வைத்தவன் கையில் பெட்டிச் சாவியைக் கொடுத்திருப்பார்களா? சி.ஐ.ஏ.வில் இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985இல் சோவியத்துக்கு ஆட்களைக் காட்டிக்கொடுத்தான். பிடிபட்ட பிறகு அவனே சொன்ன காரணம், கடன்.

கழனிவாசல்காரன்: மீதிக் கதையையும் சொல்லுங்கள் அண்ணே. ஐந்து லட்சம் டாலருக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வீடு வாங்கினான், ஜாகுவார் காரில் ஆபீஸ் போனான். பிடித்தது 1994இல். பாக்கிக்காரனைத் துருவுகிறவர்கள் பணம் கொழித்தவனை ஒன்பது வருஷம் விட்டுவைத்தார்கள்!

பள்ளத்தூர் ஆச்சி: இரண்டு பேரும் விதியைப் படிக்காமல் சண்டை போடுகிறீர்கள். என் மகன் இதில் போய் வந்தவன். கிளியரன்ஸ் தருவதா என்று பார்க்க 2017 ஜூன் 8 முதல் நடப்பில் இருப்பது 13 வழிகாட்டு விதிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து: எஃப் என்பது பணம், ஈ என்பது நடத்தை. வரவுக்கு மீறிய பகட்டும் எஃப்பில்தான் வருகிறது, ஏம்ஸ் பாடம் அதில் இருக்கிறது. வேலை போனது, நோய், விவாகரத்து என்று கைமீறி வந்த கடனென்றால் இரக்கம் உண்டு. ஆனால் அதற்கப்புறம் நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். முழுக்க அடைத்திருக்க வேண்டும் என்றில்லை. கடன்காரனிடம் பேசித் தவணை போட்டு, தவறாமல் கட்டிவந்த கணக்கு கையில் வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா: அப்படியானால் போன வாரம் தவணை ஆரம்பித்துவிட்டு இந்த வாரம் நல்லபிள்ளை ஆகிவிடலாமே?

பள்ளத்தூர் ஆச்சி: ஆக முடியாது தம்பி. கிளியரன்ஸுக்காக அவசரமாக முளைத்த தவணை அவர்களுக்கும் தெரியும். மாதக்கணக்கில் கட்டிய ரசீது பேசும். சந்தேகம் மிச்சமிருந்தால் தீர்ப்பு நாட்டுப் பக்கம்தான், விண்ணப்பித்தவன் பக்கம் இல்லை.

கழனிவாசல்காரன்: அப்பச்சி அடைத்துவிடுகிற வீட்டுப் பையன் தப்பிப்பான், தகப்பன் இல்லாதவன் மாட்டுவான். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் ஆச்சி. ஒன்று கேட்கிறேன். வங்கியே வாராக்கடன் என்று தள்ளிவிட்டதாம். அதை எழுதாமல் விட்டால்?

பள்ளத்தூர் ஆச்சி: ஐயையோ, அந்த வேலையே வேண்டாம்! வங்கி தன் ஏட்டில் தள்ளினால் கடன் தீர்ந்ததாகிவிடுமா? கிளியரன்ஸுக்கு நிரப்பும் எஸ்.எஃப். 86 படிவம் ஏழு வருஷத்தில் 120 நாளுக்கு மேல் நின்ற பாக்கியைக் கேட்கிறது. கிரெடிட் ரிப்போர்ட்டை அவர்கள் எப்படியும் எடுப்பார்கள். மறைத்தால் எஃப்போடு ஈயும் சேரும். தெரிந்தே பொய் எழுதினால் குற்ற வழக்கே போடலாம். என் மகனுக்கும் ஆஸ்பத்திரி பாக்கி இருந்தது, எழுதினான். விசாரணைக்காரர் வந்து இரண்டு மணி நேரம் குடைந்தார், அப்புறம் அனுமதி வந்தது.

தேவகோட்டை ரஸ்தா: ஆச்சி சொல்வது சரி. கடனைப் பற்றி நான் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். பாதிதான்.

பள்ளத்தூர் ஆச்சி: இன்னொன்று. கானாடுகாத்தான் பெரிய வீட்டில் அண்ணன் பங்கு இப்போது அந்தப் பையனுக்குத்தானே? வெளிநாட்டுச் சொத்து என்று அதையும் எழுத வேண்டும், டாலரில் மதிப்போடு.

கழனிவாசல்காரன்: மதிப்பா? முப்பத்திரண்டு புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, பொதுவான வீடு. அவன் பங்குக்கு வளவில் ஓர் அறை. அதன் சாவி யாரிடம் என்று ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.