கடைசி வரம்புக்கு அப்பால்: வட்டின் இட வரைபடத்தில் விடுபட்ட பகுதி (அனுபவப் பகிர்வு)

கிளிநொச்சி உறுப்பினர்:

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், துணுக்காய், வவுனிக்குளம் பக்கத்துக் குடும்பங்களின் காணி அனுமதிப்பத்திரங்களையும் உறுதிகளையும் ஸ்கேன் செய்து சேமிக்கும் வேலையில் நானும் சேர்ந்திருந்தேன். இடப்பெயர்வுகளின்போது பொலித்தீனில் சுற்றிக் கொண்டு திரிந்த தாள்கள் அவை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்திருந்தன. ஒரு குடும்பத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்து, பக்கங்களை அதன் முடிவில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போவோம். யூபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும் என்பதால், கடைசிப் பக்கம் ஏறிய கையோடு கோப்பை வெளிவட்டுக்குப் பிரதி எடுத்து, அளவு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சேர்வரில் இடம் போதாததால் மூலக் கோப்பை அழித்துவிடுவோம்.

சில வாரங்கள் கழித்து ஓர் அம்மா வந்து தன் பத்திரத்தின் அச்சுப் பிரதியைக் கேட்டார். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, பெர்மிற்றின்ர கடைசிப் பக்கம் இதில இல்லையே, அதிலதானே மகளின்ர பேர் இருக்கு" என்றார். பின்னுரிமை நியமனம் எழுதப்பட்ட பக்கம் அது. கோப்பின் அளவு ஒரு பைட்டும் பிசகாமல் இருந்தது, ஆனால் உள்ளே ஓரிடத்துக்குப் பிறகு வெறும் சுழியங்கள். வெளிவட்டைச் சோதித்ததில் அதையும் சேர்த்து 11 கோப்புகள் அப்படி அகப்பட்டன.

எல்லாக் கோப்புகளிலும் சுழியங்கள் தொடங்கிய இடம் 4096 பைட்டின் மடங்காகவே இருந்தது. ஸ்கேனரோ கேபிளோ பழுதாகியிருந்தால் முறிவு இவ்வளவு ஒழுங்கான இடத்தில் விழாது. 4096 என்பது எங்கள் சேர்வரின் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளுக்கு இடம் பிரித்து வைக்கும் மென்பொருள்) வட்டைப் பிரிக்கும் துண்டின், அதாவது பிளாக்கின், அளவு என்பதால், அன்றிரவே என் சந்தேகம் அதன் பக்கம் திரும்பிவிட்டது. அது பொதுவாகக் கிடைக்கும் முறைமை அன்று. பழைய ஒன்றை எடுத்து ஒரு குழு தன் தேவைக்கு மாற்றியமைத்தது. மூல நிரல் எங்களிடம் இருந்தது நல்லதாயிற்று.

நாங்கள் பயன்படுத்திய பிரதிக் கருவி, கோப்பை முழுவதும் வாசிப்பதற்கு முன்னர் அதன் எந்தப் பகுதியில் தரவு இருக்கிறது, எது வெற்றிடம் என்று கோப்பு முறைமையிடம் கேட்கும். 2008 இல் லினக்ஸ் 2.6.28 உடன் வந்த ஃபைமேப் என்ற அழைப்பு இந்த வரைபடத்தைத் தருகிறது. வெற்றிடம் என்று பதில் வந்த பகுதியைக் கருவி வாசிப்பதேயில்லை. அளவை மட்டும் நீட்டிவிடும், நீட்டிய இடம் சுழியமாகத் தெரியும்.

பிழையை வேண்டுமென்று வரவழைக்க இரண்டு நாள் பிடித்தது. 1 மெகாபைட் எழுதி, சிங்க் (நினைவகத்தில் இருப்பதை உடனே வட்டில் எழுதச் சொல்லும் கட்டளை) கொடுத்து, முடிவில் 64 கிலோபைட் சேர்த்து, அந்தக் கணமே பிரதி எடுத்தால் கடைசி 64 கிலோபைட் சுழியமாக வந்தது. ஒரு தேநீர் போட்டுக்கொண்டு வந்து எடுத்தால் பிரதி சரியாக இருந்தது. லினக்ஸ் கேர்னல் எழுதிய தரவை நினைவகத்தில் வைத்திருந்து, வழக்கமான அமைப்பில் ஏறத்தாழ 30 வினாடி பழையதான பின்னரே வட்டுக்கு அனுப்புகிறது. தாமத ஒதுக்கீடு உள்ள முறைமைகளில் வட்டில் இடம் பிடிப்பதும் அப்போதுதான். அதுவரை அந்தத் தரவுக்கு வட்டில் முகவரி கிடையாது. எங்கள் தேநீர் அந்த 30 வினாடியைக் கடத்தியிருக்கிறது.

நிரலில் கண்டதை வயலை வைத்துச் சொல்கிறேன். இரணைமடுவின் கீழ் ஒருவர் வரம்பு வரம்பாக நடந்து வயல்களைக் குறிக்கிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு வரம்பிலும் ஏறி நின்று, தான் கடந்துவந்த துண்டில் பயிர் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்து எழுதுகிறார். கடைசி வரம்பைத் தாண்டியும் நிலம் இருக்கிறது, ஆனால் ஏறி நிற்க அங்கே வரம்பு இல்லாததால் அந்தத் துண்டை அவர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார். வரைபடம் தயாரிக்கும் நிரலின் சுற்றும் (லூப்) அப்படித்தான் ஓடியது. அடுத்த எக்ஸ்டென்ட் (கோப்புக்கு வட்டில் தொடர்ச்சியாக ஒதுக்கப்பட்ட பகுதி) கையில் வந்த பிறகே இடைப்பட்ட பகுதிக்கு நினைவகத்தில் தரவு உண்டா என்று அது தேடியது. கடைசி எக்ஸ்டென்டுக்கும் கோப்பின் முடிவுக்கும் இடையில் தேடவேயில்லை. எக்ஸ்டென்ட் ஒன்றுமே இல்லாத புத்தம் புதிய கோப்புக்குத் தனி வழி எழுதப்பட்டிருந்தபடியால், பழைய சோதனைகள் எல்லாம் தேறியிருந்தன.

சுற்று முடிந்ததும் கோப்பின் அளவை பிளாக் எல்லைக்கு மேல்நோக்கி முழுமையாக்கி, எஞ்சிய பகுதியையும் அதே தேடலுக்கு உட்படுத்தினேன். வரைபடம் இப்போது சரியாக வந்தது, பிரதி மட்டும் முன்போலவே பழுதாக வந்தது. அந்த மாலை மிகவும் மனம் சோர்ந்துபோனேன். மறுநாள் பதில்களை ஒவ்வொரு கொடியாக (அழைப்பிலும் பதிலிலும் இணைக்கப்படும் குறி) அச்சிட்டுப் பார்த்தபோதுதான், "இதுவே இறுதி" என்னும் கொடி வட்டிலிருந்த கடைசி எக்ஸ்டென்டிலேயே இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. கருவி அந்தக் கொடியைக் கண்டதும் கேட்பதை நிறுத்திவிடுகிறது. அதற்குப் பின் நான் சேர்த்த வரியை அது பார்க்கவேயில்லை. எஞ்சிய பகுதியைத் தேடி முடித்த பின்னரே கொடியை வைக்கும்படி மாற்றியதும் பிரதி சரிவந்தது.

முதல் திருத்தம் 14 வரி, இரண்டாவது 3 வரி. இரண்டையும் நீக்கினால் தோற்கிற, சேர்த்தால் தேறுகிற சோதனை ஒன்றையும் எழுதிவைத்தேன். என்னைக் கேட்டால், திருத்தத்தை விட அந்தச் சோதனைக்கே பெறுமதி அதிகம்.

வவுனியா உறுப்பினர்:

அண்ணா எழுதிய பிழைக்கு முன்னோர் உண்டு. 2011 இல், லினக்ஸின் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பான கோர்யூட்டில்ஸின் 8.10 பதிப்பில், பிரதி எடுக்கும் சீபீ கட்டளை ஃபைமேப்பை நம்பத் தொடங்கியதும், இன்னும் வட்டுக்குப் போகாத கோப்புகளின் பிரதிகள் சில முறைமைகளில் பழுதாகின. அதே ஆண்டிலேயே, வரைபடம் கேட்கும்போது எப்போதும் சிங்க் கொடியையும் சேர்த்துக் கேட்கும்படி அதை மாற்ற வேண்டியிருந்தது. 2021 இல் வந்த 9.0 பதிப்பு ஃபைமேப்பைக் கைவிட்டு, தரவு எங்கே, துளை எங்கே என்று தேடும் சீக் அழைப்புக்கு மாறியது. 2023 நவம்பரில் ஓப்பன் இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையில் பிரதிகளுக்குள் சுழியங்கள் தென்பட்டபோது, எல்லோரும் முதலில் புதிய வசதியான பிளாக் குளோனிங்கையே (தரவை மறுபடி எழுதாமல் அதே பிளாக்குகளைப் பகிரும் முறை) சந்தேகித்தார்கள். உண்மையில், ஒரு கோப்பில் எழுதப்படாத மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையில் சிறு இடைவெளி இருந்தது. அந்த நொடியில் துளையைத் தேடினால் தரவு துளையாகத் தெரியும். 2.2.2, 2.1.14 பதிப்புகளில் அது திருத்தப்பட்டது.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. பிரதிக்கு முன்னால் சிங்க் கொடுத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும் அல்லவா?

கிளிநொச்சி உறுப்பினர்:

தம்பி, வேலை நிற்கக் கூடாது என்பதால் முதல் வாரம் நாங்கள் செய்ததும் அதுதான். ஆனால் சிங்க் முடிந்த பிறகும், பிரதி தொடங்குவதற்குள் இன்னொருவர் அதே கோப்பில் ஒரு பக்கத்தைச் சேர்த்துவிடலாம். எங்களிடம் இரண்டு ஸ்கேனர்கள் ஓடின. அதோடு, நீங்கள் சொன்ன சீக் அழைப்பில் சிங்க் கொடி என்று ஒன்று கிடையாது. அதனிடம் கேட்பவர், கோப்பு முறைமை நினைவகத்தையும் பார்த்துத்தான் பதில் சொல்லும் என்று நம்பியே கேட்கிறார். பதில் சொல்லும் இடத்தில் பிழை இருக்கும்போது, கேட்கும் ஒவ்வொரு கருவியையும் தேடிப் போய்த் திருத்த இயலாது.

முல்லைத்தீவு உறுப்பினர்:

இதை வாசித்ததும் என் பேக்கப் ஒழுங்கை மாற்றிவிட்டேன். இதுவரை நானும் அளவை மட்டுமே ஒப்பிட்டு வந்தேன். இனி இரண்டு பக்கமும் ஷா256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் சரிபார்ப்பு எண்) கணித்து, ஒத்துவந்தால் மட்டுமே மூலத்தை அழிக்கிறேன். ஓர் எச்சரிக்கை: பிரதி எடுத்தவுடன் கணித்தால் வெளிவட்டில் உள்ளதை அன்றி நினைவகத்தில் இருப்பதையே வாசிக்கக்கூடும். வட்டைக் கழற்றி மறுபடி பொருத்திய பின் கணியுங்கள். அந்த 11 குடும்பங்களின் பக்கங்கள் என்னவாயின?

கிளிநொச்சி உறுப்பினர்:

ஒன்பது குடும்பங்களிடம் மூலத்தாள் இருந்தது. பெற்றோல் வரிசையில் நின்று கிடைத்ததை ஊற்றிக்கொண்டு, மடிக்கணினியையும் ஸ்கேனரையும் மோட்டார் சைக்கிளில் கட்டி, இரண்டு சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் மீண்டும் எடுத்தோம். அந்த அம்மா பத்திரத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். ஸ்கேன் முடிந்ததும், மகளின் பெயர் எழுதிய வரியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே தாளைத் திரும்ப வாங்கினார். மற்ற இரண்டு குடும்பங்களுக்கும் பிரதேச செயலகப் பதிவிலிருந்து பிரதி பெற விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.