தேனீ வந்து நின்னு போன மேட்ச்சும் பக்கத்து சீட் பெரியவரும்

அமெரிக்காவுல எங்க ஃபீனிக்ஸ் ஊரு பேஸ்பால் கிரவுண்டுன்னு சொன்னாலே எனக்கு 2024 ஏப்ரல் 30 ராத்திரிதான் ஞாபகம் வரும். எங்க ஊர் டீம் டைமண்ட்பேக்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலஸ் டீம் டாட்ஜர்ஸுக்கும் மேட்ச், பக்கத்து ஊர் டெம்பில காரை விட்டுட்டு லைட் ரயில்ல போனேன், பெட்டி பூரா டாட்ஜர்ஸோட நீலச் சட்டைதான்.

அந்த கிரவுண்டு, சேஸ் ஃபீல்டுக்குள்ள போய் உக்காந்தா மேட்ச் ஆரம்பிக்கவே இல்ல. பேட் பண்றவர் நிக்கிற ஹோம் பிளேட்டுக்குப் பின்னாடி இருக்கிற வலையோட உச்சில தேனீக்கூட்டம் கொத்தா அப்பிக்கிட்டு இருக்கு! தேனீ பிடிக்கிறவர் எங்கிருந்தோ கிளம்பி வரணும், கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் காத்திருந்தோம்.

எனக்கு அந்த ரெண்டு மணி நேரம்தான் வரப்பிரசாதம். பக்கத்து சீட்ல ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், துவைச்சுத் துவைச்சு வெளுத்துப்போன ஊதா ஜெர்சி, முதுகுல 20ம் நம்பர். 2007லயே டீம் சிவப்புக்கு மாறிடுச்சு, இன்னும் ஊதா போட்டுட்டு வர்றார்னா பழைய ஆள்னு பாத்த உடனே தெரிஞ்சுடும். சூரியகாந்தி விதை பாக்கெட்டை என் பக்கம் நீட்டிட்டு 2001 கதையை ஆரம்பிச்சார். டீம் ஆரம்பிச்சு நாலாவது வருஷம், சாம்பியன் யாருன்னு முடிவாகிற வேர்ல்ட் சீரிஸோட ஏழாவது, கடைசி மேட்ச் இதே கிரவுண்டுல, கடைசி இன்னிங்ஸ்ல நியூயார்க் யாங்கீஸ் 2-1னு முன்னாடி நிக்குது, பந்து போடுறது மரியானோ ரிவேரா, அவர்கிட்ட இருந்து ரன் எடுக்கிறதெல்லாம் நடக்கிற காரியமா? சமன் பண்ணிட்டாங்க, அப்புறம் லூயிஸ் கோன்சாலஸ் அடிச்ச பந்து சரியாக்கூடப் படல, சும்மா மெதுவா எழும்பி, ஷார்ட்ஸ்டாப்னு உள்வட்டத்துல நிக்கிற ஃபீல்டர் தலைக்கு மேல போய் விழுந்துச்சு, அதுலயே ஜெயிச்சாச்சு. பெரியவர் இடது கையை மடக்கி வச்சுக்கிட்டு, வலது கைல ஒரு விதையை எடுத்து அந்த முஷ்டி மேல மெதுவா தாண்ட வச்சுக் காட்டினார், விரல் நடுங்குச்சு.

1998ல இந்த கிரவுண்டு வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்க்காரங்களுக்குப் பெரிய டீம் ஆட்டம்னா மார்ச் மாச ஸ்பிரிங் டிரெயினிங்தானாம், அதாவது வெளியூர் டீமெல்லாம் சீசனுக்கு முன்னாடி இங்க வந்து ஆடுற பயிற்சி மேட்ச், வெயில் ஏறினதும் டீமெல்லாம் அவங்கவங்க ஊருக்குப் போயிடும். இங்க கோடை என்னன்னு நமக்குத் தெரியும், 2023ல தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் (சுமார் 43 செல்சியஸ்) குறையவே இல்ல. திறந்து மூடுற கூரையும் ஏசியும் இல்லாட்டி ஜூலைல யாரு உக்காந்து பாக்க முடியும்? இந்த கிரவுண்டுல ரைட்-சென்டர் ஃபீல்ட் வேலியைத் தாண்டி இருக்கிற நீச்சல் குளத்துல நின்னுக்கிட்டே மேட்ச் பாக்கிறதை வெளியூர்க்காரங்க ஆடம்பரம்பாங்க. எனக்கு அப்படித் தோணல, பாலைவனத்துல தண்ணி இருக்கிற இடத்துலதானே ஜனம் கூடும்.

கடைசியா தேனீக்காரர் வந்து, ஆளைத் தூக்குற லிஃப்ட் வண்டில மேல ஏறி, கூட்டத்தை உறிஞ்சி எடுத்தார் பாருங்க, ரெண்டு டீம் ஆளுங்களும் எழுந்து நின்னு கத்துறாங்க. முதல் பந்தையும் அவரையே போட வச்சாங்க, அந்த வெள்ளை டிரெஸ்ஸோடவே!

மேட்ச் பத்தாவது இன்னிங்ஸ் வரைக்கும் இழுத்து கிறிஸ்டியன் வாக்கர் ஹோம் ரன்ல 4-3னு ஜெயிச்சோம். முழங்கால் வலிக்குதுன்னு அதுவரைக்கும் எழுந்திருக்காத பெரியவர் என் தோளை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னார், மடியில இருந்த விதையெல்லாம் கொட்டிப்போச்சு.

திரும்பி வர்ற ரயில்ல நீலச் சட்டைக்காரங்ககூட தோத்ததைப் பத்திப் பேசல, டெம்பி வர்ற வரைக்கும் தேனீக்காரர் பேச்சுதான்.