டேப் தட்டினால் கற்றுக்குட்டியா?

கல்தச்சன்: நம் பைத்தான் நிரல் திட்டத்தில் ஒருவர் நேற்று குறிப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "வரியை உள்ளே தள்ள ஸ்பேஸ் தட்டாமல் டேப் வைப்பவர்கள் கற்றுக்குட்டிகள்." இருபது வருடமாக டேப்தான் தட்டுகிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் முழுக்க டேப், அதுவும் 8 எழுத்து அகலம். அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் கற்றுக்குட்டியா?

வெண்ணிலா: அந்த ஒருவர் நான்தான். கெர்னல் பைத்தானில் இல்லை ஐயா. 2001இல் வந்த பைத்தான் நடைக் கையேடு பெப் 8 சொல்வது 4 ஸ்பேஸ்.

கல்தச்சன்: முழுசாகப் படித்தீர்களா அம்மணி? ஏற்கனவே டேப்பில் இருக்கும் நிரல் டேப்பிலேயே தொடரலாம் என்றும் அதில் இருக்கிறது. நம் திட்டத்தின் முதல் வரியே டேப். அதை எழுதியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மின்மினி: பேசாமல் நிரலைத் தானாகவே ஒழுங்குபடுத்தும் ஒரு ஃபார்மேட்டர் போட்டுவிடலாமே. கோ மொழிக்காரர்கள் கோஃபம்ட் ஓட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

கல்தச்சன்: கோஃபம்ட் வைப்பது டேப். நன்றி தம்பி.

வெண்ணிலா: பைத்தானுக்கு இருக்கும் பிளாக் வைப்பது 4 ஸ்பேஸ். நன்றி தம்பி.

சும்மா ஒருவன்: பிளாக் என்றால் வரி நீளம் 88 எழுத்து ஆகிவிடும். எனக்கு 79தான் வேண்டும்.

கல்தச்சன்: 79ஐ அப்புறம் பார்க்கலாம். போன மாதம் எல்லாக் கோப்பையும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே மாற்றப் பதிவில், ஸ்பேஸாக்கியது யார்? இப்போது எந்த வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் பிளேம் போட்டால் நான் ராத்திரி கண்விழித்து எழுதிய வரிக்கெல்லாம் வெண்ணிலா பெயர்!

வெண்ணிலா: அந்த கமிட்டை மட்டும் பிளேமிலிருந்து விலக்க கிட் 2.23இலேயே வழி வந்துவிட்டது. ஒரு கோப்பில் அதன் எண்ணைப் போட்டு, அந்தக் கோப்பை பிளேமுக்குக் காட்டினால் போதும்.

கல்தச்சன்: திருடிவிட்டு, திருட்டை மறைக்கத் தனியாக ஒரு கோப்பு. பிரமாதம்.

வெண்ணிலா: அதற்கப்புறம் நீங்கள் அனுப்பிய திருத்தத்தைத் திறந்து பாருங்கள். 41ஆம் வரி ஸ்பேஸ், 42 டேப். திரையில் இரண்டும் ஒரே இடத்தில்தான் தெரிகின்றன. ஆனால் இரண்டும் கலந்திருப்பதால் பைத்தான் 3 டேப்எரர் என்று சொல்லி ஓட மறுக்கிறது. இருபது வருட அனுபவம்!

கல்தச்சன்: 41 நீங்கள் மாற்றிய வரி. என் 42 சரியாகத்தான் இருக்கிறது.

சும்மா ஒருவன்: 79 பற்றி யாராவது...

மின்மினி: அதை விடுங்கள். பில்டே நின்றுவிட்டது. பில்டுக்கான கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் மிஸ்ஸிங் செபரேட்டர் என்கிறது. கட்டளை வரிக்கு முன்னால் டேப் இருந்த இடத்தில் 4 ஸ்பேஸ். எடிட்டருக்கு விதி சொல்லும் எடிட்டர்கான்ஃபிக்கில் எல்லாக் கோப்புக்கும் ஸ்பேஸ் என்று போட்ட புண்ணியவான் யார்?

கல்தச்சன்: மேக்ஃபைலுக்கு எது வேண்டுமாம்? இன்னொரு முறை சத்தமாகச் சொல்லு தம்பி.

வெண்ணிலா: மேக்ஃபைலும் பைத்தான் இல்லை ஐயா.