புதுப்பிப்பு: மதியத்தில் அடங்கிப்போகும் ஃபஸ் பெடல், பழுது பிடிபட்டது

சென்ற வாரம் நான் கேட்டிருந்தது இதுதான்: ஏசி128 என்ற பழைய ஜெர்மானியம் வகை டிரான்சிஸ்டர்கள் இரண்டை வைத்து நானே கட்டிய ஃபஸ் பெடல் (கிதாரின் ஒலியை முரடாக்கும் கால்மிதிக் கருவி) காலையில் நன்றாக முழங்குகிறது, மதியத்திலோ ஒவ்வொரு சுரமும் பாதியில் அறுந்து, கரகரத்து அடங்கிவிடுகிறது. ஈயப் பற்றவைப்பை (சால்டரிங்) சந்தேகிக்கச் சொன்னீர்கள். எல்லா இணைப்புகளையும் மீண்டும் பற்றவைத்தும் மாற்றமில்லை.

காரணம் வெப்பம். மதுரை அனுப்பானடியில் என் மாடியறைக்குத் தகரக் கூரை. இரண்டாம் டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் ஒன்றான கலெக்டரில், 9 வோல்ட் பேட்டரிக்கு ஏறத்தாழ 4.5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில், காலை ஏழு மணிக்கு 4.7 என்றும் மதியம் மூன்று மணிக்கு 7.6 என்றும் மல்டிமீட்டர் காட்டியது. பாலித்தீன் பையில் சுற்றிய பனிக்கட்டியை முதல் டிரான்சிஸ்டரின் உலோக உறைமேல் வைத்ததும் எண்கள் மளமளவென இறங்கின. ஜெர்மானியத்தில் வெப்பம் ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் (டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும் அதன் வழியே ஒழுகும் சிறு மின்னோட்டம்) பெருகும். அந்தக் கசிவே முதல் டிரான்சிஸ்டரைத் திறந்து வைத்து, இரண்டாவதை ஏறக்குறைய அணைத்துவிடுகிறது.

ஆகவே முதல் இடத்தில் மட்டும் பிசி557 சிலிக்கானை வைத்தேன். அதுவும் ஏசி128 போலவே பிஎன்பி வகை (மின்னோட்டம் ஓடும் திசையைக் குறிக்கும் பெயர்) என்பதால் பேட்டரியின் முனைகளை மாற்ற வேண்டியதில்லை. கால்களின் வரிசையை மட்டும் கவனித்துப் பொருத்த வேண்டும். இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் இருந்த 8.2 கிலோ ஓம் மின்தடைக்குப் பதிலாக 20 கிலோ ஓம் டிரிம்பாட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் சிறு மின்தடை) வைத்து, அந்தக் கலெக்டரை 4.5 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். நேற்று மதிய வெயிலிலும் சுரம் முழுதாக நின்று ஒலித்தது. கிதாரின் வால்யூமைக் குறைத்தால் ஒலி தெளிந்துவரும் அந்தப் பழைய குணம் சற்றுக் குறைந்திருப்பது எனக்கு வருத்தமே. கழற்றிய ஏசி128-ஐ மார்கழிக்கென்று பத்திரப்படுத்தியிருக்கிறேன்.