டீரெய்லருக்குத் 'தடம்புரட்டி' பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

மிதிவண்டியில் கியர் மாற்றித் தரும் டீரெய்லர் என்னும் உறுப்புக்குத் தாங்கள் முன்மொழிந்த 'தடம்புரட்டி', பிரெஞ்சு மூலச்சொல்லுக்கு நேர்ப்பொருள் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் தமிழில் தடம்புரள்வது விபத்து. சங்கிலி பல்சக்கரத்தை விட்டு உண்மையிலேயே கழன்று விழுவது இவ்வுறுப்பின் பழுதுகளுள் ஒன்றாக இருக்கையில், ஒழுங்காக வேலை செய்யும் உறுப்பையும் அதன் பழுதையும் ஒரே வேர்ச்சொல்லால் சுட்டினால் படிப்பவர் குழம்புவார்.

அடுத்து வந்த 'சங்கிலிமாற்றி' காரைக்குடிப் பட்டறை எதிலும் நிற்காது. அங்கே 'செயின் மாத்தணும்' என்றால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட வேண்டும் என்று பொருள். செலவுக் கணக்கே வேறு. இவ்வுறுப்போ சங்கிலியைப் பக்கவாட்டில் தள்ளி, ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்த பல்சக்கரத்துக்கு ஏற்றவும் இறக்கவும் செய்கிறது. ஆகவே 'சங்கிலிநகர்த்தி' என்பதை முன்வைக்கிறேன். அதை 'முன்நகர்த்தி', 'பின்நகர்த்தி' என்று சுருக்கினால் வண்டியையே நகர்த்துவதாகப் பொருள் மயங்கும் என்பதால், 'பின்பக்கச் சங்கிலிநகர்த்தி' என்று விரித்தே எழுதலாம்.

கலைச்சொல்லைப் பழுதுநீக்கும் குறிப்பொன்றில் வைத்துப் பார்த்துவிட்டே நான் ஏற்பது வழக்கம். "சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், கேபிள் உறை சங்கிலிநகர்த்தியில் வந்து முடியும் இடத்திலுள்ள இழுவைத் திருகை இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்புக, சிறியதற்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாகத் திருப்புக." இதில் சொற்கள் இடறவில்லை. பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு ஒரு வரி கூடுதலாக வேண்டும்: செம்மண் புழுதியும் துருவும் உறைக்குள் சேர்ந்து கேபிளைப் பிடித்துக்கொண்டால், திருகை எவ்வளவு திருப்பினாலும் இறங்குவதில் உள்ள தயக்கம் தீராது, கேபிளையும் உறையையும் மாற்றத்தான் வேண்டும்.

பின்பக்கச் சங்கிலிநகர்த்தி இரு பக்கமும் அளவுக்கு மீறி நகராமல் தடுக்கும், எச், எல் என்று பொறித்த இரு திருகுகளுக்கு 'உயர் எல்லைத் திருகு', 'தாழ் எல்லைத் திருகு' என்ற மொழிபெயர்ப்பை நான் ஏற்கமாட்டேன். எச் என்பது உயர் கியரைக் குறிக்கும். அதுவோ மிகச் சிறிய பல்சக்கரம். தமிழில் படிப்பவர் 'உயர்' என்றதும் பெரியதைத்தான் தேடுவார். எல் திருகு தளர்ந்திருந்தால் சங்கிலி பெரிய பல்சக்கரத்தையும் தாண்டிப் போய் ஆரக்கம்பிகளுக்குள் விழும். ஓடும் வண்டியில் அது சக்கரத்தையே பூட்டிவிடக்கூடும். ஆகவே ஆரக்கம்பிப் பக்கம் காப்பதை 'உள் எல்லைத் திருகு' என்றும், வண்டிச் சட்டத்தின் பக்கம் காப்பதை 'வெளி எல்லைத் திருகு' என்றும் சொல்வதே பாதுகாப்பு. இடையிலுள்ள கியர்கள் பிசகுவதற்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். பலரும் முதலில் இவற்றில்தான் கை வைக்கிறார்கள்.

எஞ்சியது, பின்பக்கச் சங்கிலிநகர்த்தியை வண்டிச் சட்டத்தில் மாட்டும் துண்டான ஹேங்கர். 'தாங்கி' என்பது பேரிங்குக்குப் போய்விட்டது. அண்டாவில் வளையம் மாட்டும் துளையுள்ள பகுதியைக் காது என்கிறோமே, அதுபோல இதையும் 'சட்டக்காது' எனலாம். பல வண்டிகளில் இது அலுமினியத்தால் ஆன, கழற்றி மாற்றக்கூடிய சிறு துண்டு. சட்டத்தைக் காக்க முதலில் வளைவது இதுதான். வண்டி வலப்பக்கம் விழுந்தபின் எல்லாக் கியரும் ஒருசேரப் பிசகினால், எந்தத் திருகையும் தொடுமுன் பின்னாலிருந்து பார்த்து, சங்கிலிநகர்த்தியின் இரு சிறு உருளைகளும் பல்சக்கரத்துக்கு இணையாகத் தொங்குகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். சட்டக்காதுக்குத் தேவகோட்டை, புதுவயல் பட்டறைகளில் ஏற்கெனவே வேறு தமிழ்ச் சொல் புழங்கினால், என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.